லங்காவியில் குடும்பத்தோடு படகு வாசம்: 3 கேபின் 36 அடியா, தாயானா 37-ஆ?

பினாங்குப்படகு:

எல்லாருக்கும் வணக்கம். பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கி அதிலேயே குடியிருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகள். வருடத்தில் சில வாரம் மாமியாரும் வந்து இருப்பார். அவருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை லங்காவி, கோ லிப்பே, கோ லந்தா, ஃபி ஃபி, புக்கெட் என்று தீவு தீவாகப் போய்வருவது, மழை மாதங்களில் லங்காவி மரினாவில் கட்டிவைத்து அங்கிருந்தே வேலை பார்ப்பது என்பது திட்டம்.

இரண்டு படகுகள் கையில் இருக்கின்றன. முதலாவது 2000-களில் கட்டிய 36 அடி, முன்பு வாடகைக்கு விட்டது. பின்னால் இரண்டு கேபின், முன்னால் ஒன்று. அடுப்படி ஹாலின் ஒரு பக்கச் சுவரோடு நேர்கோட்டில். எதிர்ப்பக்கம் மேசையைச் சுற்றி வளைந்த சோபா. டாய்லெட் இறங்கு படிக்குப் பக்கத்தில். இரண்டாவது 1980-களில் கட்டிய தாயானா 37. முன்னால் வி வடிவப் படுக்கை, காக்பிட்டுக்கு (பின்பக்கம் சுக்கான் பிடிக்கும் திறந்த இடம்) அடியில் ஒரு குவார்ட்டர் பெர்த் (ஒடுங்கிய பக்கப் படுக்கை), ஹாலில் இரண்டு பக்கமும் நேரான சோபா, படிக்கு அருகில் ‘ப’ வடிவ அடுப்படி, டாய்லெட் முன்பக்கம்.

மனைவிக்கு முதலாவது பிடித்திருக்கிறது. வெளிச்சம், விசாலம். எனக்கு இரண்டாவதன் உறுதி பிடித்திருக்கிறது. விலையும் என்ஜின் நிலையும் கிட்டத்தட்டச் சமம். உள்ளே வாழ்வதை மட்டும் வைத்து எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? எந்தக் குறையைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது?

---

சுக்கான்:

உங்கள் பாதையிலிருந்து தொடங்குவோம். லங்காவியிலிருந்து கோ லிப்பே சுமார் 30 கடல் மைல். புக்கெட் வரை கணக்குப் போட்டாலும் 120 சொச்சம். வாடைப் பருவத்தில் காற்று கரைப்பக்கமிருந்து வருவதால் அந்தக் கடலில் அலை பெரிதாக எழுவதில்லை. காலையில் நங்கூரம் தூக்கினால் பொழுது சாய்வதற்குள் அடுத்த தீவு. ஆகவே இந்தப் படகில் உங்கள் நாட்களில் பெரும்பகுதி நங்கூரத்திலோ மரினாவிலோதான் கழியும். ஆழ்கடல் ஓடும் படகுதான் வேண்டும் என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிட்டுச் சொல்கிறார்கள். புக்கெட்டிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜய புரம்) போகலாம், அது சுமார் 400 கடல் மைல், அல்லது இலங்கையின் காலி வரை ஓடலாம் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

ஓடும்போது உறங்க ஓர் இடம் எந்தப் படகிலும் தேவை. அதற்கு மூன்று அளவு பாருங்கள். நீளம் குறைந்தது 1.90 மீட்டர். அகலம் 55 முதல் 60 செ.மீ. அதற்கு மேல் போனால் உடம்பு உருளும். இடம், படகின் நடுவிலிருந்து பின்பக்கம். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உள்ள வி படுக்கை நங்கூரத்தில் ராஜபடுக்கை, ஓட்டத்தில் தூக்கிப்போடும். சாய்ந்து ஓடும்போது தாழ்ந்த பக்கத்தில்தான் நிம்மதியாகப் படுக்கலாம் என்பதால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு நேர்ச் சோபா இருப்பதே சரியான அமைப்பு. தாயானாவில் அது இருக்கிறது. 36 அடியில் வளைந்த சோபாவில் யாரும் நீட்டிப் படுக்க முடியாது.

ஆனால் அந்த 36 அடிக்கும் வழி இருக்கிறது. பின்கேபின் இரட்டைப் படுக்கையின் நடுவில் நீளவாக்கில் ஒரு லீ கிளாத் போட்டால் அது இரண்டு ஒடுங்கிய படுக்கைகளாகிவிடும். லீ கிளாத் என்பது படுத்தவர் உருண்டு விழாமல் தாங்கும் துணித்தடுப்பு. மெத்தைக்கு மேல் 40 முதல் 45 செ.மீ உயரம், தோளிலிருந்து முழங்கால் வரை மறைக்க 1.30 மீட்டர் நீளம் போதும். முகத்துக்கு நேராகத் துணி வரக்கூடாது, மூச்சு முட்டும். அடி விளிம்பை மெத்தைக்குக் கீழே பலகையில் வைத்து, அதன்மேல் 25 மி.மீ மரச்சட்டம் போட்டு, 10 செ.மீ-க்கு ஒரு திருகு முடுக்குங்கள். திருகை மட்டும் நம்பித் துணியில் நேரே அடித்தால் ஓர் ஆள் எடை மொத்தமாக மோதும்போது துணி கிழிந்துகொண்டு வரும். மேல் கயிறுகள் கூரைக் கைப்பிடிக்கோ, போல்ட் போட்டு முடுக்கிய வளையத்துக்கோ போகட்டும். நம் வெக்கைக்குக் கெட்டி கான்வாஸ் வேண்டாம். பிவிசி பூசிய பாலியெஸ்டர் வலைத்துணி வாங்குங்கள், காற்று ஊடுருவும், கடல் நீரில் மக்காது. நாலு ஓரமும் பட்டை நாடா வைத்து மடித்துத் தைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கைப்பிடி. விசாலம் என்று உங்கள் மனைவி சொல்லும் அதே இடம்தான் படகு உருளும்போது ஆபத்து. ஹாலில் ஒரு பிடியை விடாமல் அடுத்த பிடியை எட்ட முடிய வேண்டும். உங்கள் மகளின் உயரத்துக்கும் அது எட்ட வேண்டும். 36 அடியில் கூரையில் மட்டும் பிடி இருந்தால், மேசைக் காலையும் அடுப்படி முனையையும் பிடிக்கும்படி 25 மி.மீ எவர்சில்வர் குழாய் பொருத்தலாம். விரல் புக 40 மி.மீ இடைவெளி விடுங்கள். ஊடுருவும் போல்ட், பின்னால் பெரிய வாஷர். மெல்லிய உட்கூரைப் பலகையில் திருகு மட்டும் போட்ட பிடி கையோடு வந்துவிடும்.

அலமாரிக் கதவுகளில் விரலை ஓட்டைக்குள் விட்டு உள்ளே தாழ்ப்பாளை இழுக்கும் வகை இருந்தால் மாற்றிவிடுங்கள். விரல் உள்ளே இருக்கும்போது படகு உருண்டால் எலும்பு முறியும். தள்ளினால் வெளியே வரும் குமிழ்ப் பூட்டு நல்லது. காந்தப் பூட்டு கூடவே கூடாது, தட்டும் டம்ளரும் அத்தனையும் தரையில் கிடக்கும்.

மாமியாருக்கு இறங்கு படிதான் முக்கியம். தாயானாவில் படி செங்குத்தாக இருக்கும், காக்பிட்டிலிருந்து ஒரு மேட்டைக் கடந்து கால் வைக்க வேண்டும். 36 அடியில் சாய்வு குறைவு. அவருக்காகவே என்றால் இதில் முதல் படகு ஜெயிக்கிறது. படியின் இரண்டு பக்கமும் கம்பி, ஒவ்வொரு படியிலும் வழுக்காத பட்டை, இரு ஓரமும் கொஞ்சம் உயர்ந்து வளைந்த படி. படகு சாய்ந்தால் கால் அந்த ஓரத்தில்தான் நிற்கும்.

---

கச்சான்காற்று:

சுக்கான் அண்ணன் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் முதல் இடம் காற்றுக்குத்தான். லங்காவியில் கடல்நீரே 29, 30 டிகிரி. இரவிலும் ஹல் (படகின் உடல்) குளிராது. உறங்க முடியாத படகில் எந்த வசதியும் வசதியில்லை.

நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அதனால் அணியத்து ஹேட்ச்தான் (டெக்கில் மேல்நோக்கித் திறக்கும் கதவு) வீட்டின் வாசல். 50க்கு 50 செ.மீ-க்குக் குறைவாக இருந்தால் யோசியுங்கள். அதன்மேல் துணி விண்ட்ஸ்கூப் மாட்டினால் காற்று உள்ளே இறங்கி ஹால் வழியாகப் படிவாசலில் வெளியேறும். இந்த ஓட்டத்தில் படுக்கிறவர்களுக்குத் தூக்கம் வரும். பின்கேபின் இந்த ஓட்டத்தில் இல்லை. காக்பிட் சுவரில் உள்ள ஒரு சின்ன ஜன்னல், ஹல்லில் இன்னொன்று, அவ்வளவுதான்.

இரண்டு இடத்தில் இந்த ஏற்பாடு கைவிடும். லங்காவித் தீவுகளுக்கு இடையே உள்ள கால்வாய்களில் நீரோட்டம் பலமாக ஓடும்போது படகு நீரோட்டத்தைப் பார்த்து நிற்கும், காற்று பக்கவாட்டில் வரும். மரினாவில் படகு கட்டிய திசையில்தான் நிற்கும், காற்று பின்னாலிருந்தும் வரலாம். ஆகவே பக்கவாட்டுத் திறப்புகளை எண்ணுங்கள். திறக்கக்கூடிய ஜன்னல் எத்தனை, திறக்காத கண்ணாடி எத்தனை. முன்பு வாடகைக்கு விட்ட படகுகளில் ஹாலின் பெரிய ஜன்னல்கள் பெரும்பாலும் திறக்காதவை. வெயிலை மட்டும் உள்ளே விடும். அந்தக் கண்ணாடிக்கு வெளியே துணித் திரை போடுங்கள். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே வந்துவிட்டது.

மழை இன்னொரு சோதனை. சுமார் ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா ஜலசந்தியில் சுமாத்ரா என்று சொல்லும் திடீர்ப் புயல்மழை பெரும்பாலும் விடியலுக்கு முன் வரும். எல்லா ஹேட்சையும் மூட வேண்டும். அப்போதும் காற்று வர ஒரே வழி டொரேட் பெட்டி. ஓலின் ஸ்டீஃபன்ஸ் வடிவமைத்து 1930-ல் கடலில் இறங்கிய டொரேட் என்ற படகின் பெயர் அது. காற்றுக் கூம்பு ஒரு பெட்டிக்குள் திறக்கும், தண்ணீர் பெட்டியின் அடித் துளை வழியாக வடியும், காற்று மட்டும் உயர்ந்த குழாய் வழியாகக் கேபினுக்குள் போகும். அந்தக் காலத்து ஆழ்கடல் படகுகளில் இது சாதாரணம். தாயானாவில் எத்தனை இருக்கின்றன, வடிதுளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். 36 அடியில் இருக்காது. அங்கே ஹேட்சுகளுக்கு மேல் முன்பக்கம் திறந்த, பக்கங்கள் மூடிய மழைக்கூடாரம் தைத்துப் போடலாம். ஓரளவு பயன்.

வெயில் மறைக்கும் கூடாரத்துணி இல்லாமல் எந்தப் படகையும் கணக்கில் எடுக்காதீர்கள். மாஸ்ட் முதல் பின்கம்பி வரை, பாய்த் தண்டுக்கு மேலே, வெளிர் நிறம், நெருக்கமான நெசவு. டெக்குக்கும் துணிக்கும் நடுவில் காற்றோட்டம் வேண்டும். தாயானாவின் தேக்கு டெக் மத்தியானம் கால் வைக்க முடியாத அளவு சுடும், அந்தச் சூடு இரவு பத்து மணிவரை உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். அதோடு அந்தத் தேக்கைப் பிடிக்க நூற்றுக்கணக்கில் திருகுகள் டெக்கைத் துளைத்திருக்கும். ரப்பர்ப் பூச்சு தேய்ந்த இடமெல்லாம் தண்ணீர் இறங்கும் வழி. அலமாரிகளின் பின்பலகையில் காபி நிறக் கறை இருந்தால் பாய்க்கம்பி அடிப்பட்டைகளும் ஒழுகுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தை: பலகை மேல் நேரே ஸ்பாஞ்ச் போட்டால் இரண்டு வாரத்தில் அடியில் பூஞ்சணம். பலகையில் 25 மி.மீ துளைகள் 15 செ.மீ இடைவெளியில் போட்டு, துளை விளிம்பை எபாக்ஸியால் மூடி, மேலே 20 மி.மீ பிளாஸ்டிக் வலைப்பாய் விரிக்க வேண்டும். ஸ்பாஞ்ச் 10 முதல் 12 செ.மீ. ரெக்ஸின் உறை வியர்க்கும். பூஞ்சணம் துடைக்க வினிகர் போதும். பிளீச் தையல் நூலை அரிக்கும். அலமாரிக் கதவில் கெட்டிப் பலகையை எடுத்துவிட்டுப் பிரம்புப் பின்னல் போட்டால் துணி நாற்றம் பாதியாகும்.

பின்கேபின்களுக்கு இடையில்தான் என்ஜின். ஓடி நிறுத்திய பிறகும் 80 டிகிரிச் சூடு அந்தத் தடுப்பு வழியாகப் படுக்கைக்கு வந்துகொண்டே இருக்கும். என்ஜின் அறையில் 12 வோல்ட் புளோவர் மாட்டி, நிறுத்திய பிறகு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். தடுப்பில் 30 மி.மீ-யாவது ஒலி, வெப்பத் தடுப்பு ஒட்டுங்கள், அதைப் பசையை மட்டும் நம்பாமல் பெரிய வாஷரோடு திருகுங்கள்.

---

உப்பும்புளியும்:

தம்பி, அடுப்படியையும் டாய்லெட்டையும் பற்றி நான் சொல்கிறேன். நம்மாட்கள் சமைக்கும் விதத்துக்கும் கழுவும் பழக்கத்துக்கும் ஐரோப்பியப் படகு கட்டியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

‘ப’ வடிவ அடுப்படியில் இடுப்பை ஒரு பக்கம் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் வேலை செய்யலாம். நேர்கோட்டு அடுப்படியில் முட்டுக்கொடுக்க ஏதுமில்லை. ஒரு பக்கம் சாய்ந்தால் கொதிக்கிற குழம்பு உங்கள் மேல் வரும், மறுபக்கம் சாய்ந்தால் நீங்கள் அடுப்பின் மேல் விழுவீர்கள். அதைச் சமாளிக்க அடுப்புக்கு முன்னால் 25 மி.மீ எவர்சில்வர் கம்பி, அடுப்பின் முகத்திலிருந்து ஒரு கை நுழையும் தூரத்தில், இரண்டு முனையும் போல்ட் போட்டது. முதுகுக்குப் பின்னால் மாட்டும் பட்டையும் போடலாம், ஆனால் ஒரே இழுப்பில் கழலும் கொக்கி வேண்டும். சுடுநீர் சிந்தினால் துள்ளி விலக முடியாமல் பட்டை பிடித்துக்கொண்டால் அதுவே வினை. ஓட்டத்தில் சமைப்பவர் ரெக்ஸின் ஏப்ரன் போட வேண்டும்.

அடுப்பு ஊசலாடும் வகையா என்று பார்க்கும்போது வெறுமனே தள்ளிப் பார்க்காதீர்கள். மேலே தண்ணீர் நிரப்பிய பாத்திரம் வைத்துத் தள்ளுங்கள். பல அடுப்புகள் வெறுமையாக நன்றாக ஆடும், பாரம் ஏற்றினால் தலைகனத்துக் கவிழப் பார்க்கும். ஓவனின் அடியில் கனம் சேர்த்தால் சரியாகும். பின்னால் போகும் காஸ் குழாய் ஆட்டத்தில் எதிலும் உரசக்கூடாது. பர்னரைச் சுற்றிப் பாத்திரம் பிடிக்கும் கவ்விகள் நமது அகலச் சட்டிக்குப் பொருந்துமா என்று அளவெடுங்கள்.

நமது பிரஷர் குக்கரைப்போல் படகுக்கு ஏற்ற பாத்திரம் வேறில்லை. மூடி பூட்டியிருப்பதால் கவிழ்ந்தாலும் கொட்டாது, காஸ் மிச்சம், கேபினில் ஆவியும் குறைவு. மூன்று பேருக்கு 3 லிட்டர் போதும். இட்லி மாவு 30 டிகிரியில் 6, 8 மணி நேரத்தில் பொங்கிவிடும். பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடி கவ்வும் டப்பாவில் வைத்து சிங்குக்குள்ளேயே இறக்கிவிடுங்கள். தாளிப்பு எண்ணெய்ப் புகை ரெக்ஸின் உட்கூரையில் ஒட்டிப் பழுப்பாகிவிடும், அது போகவே போகாது. அடுப்புக்கு நேர் மேலே திறக்கும் ஹேட்ச் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். 36 அடியில் இல்லாவிட்டால் அதுதான் நான் முதலில் வெட்டிப் போடும் ஹேட்ச்.

காஸ்: சிலிண்டர் வெளியே மட்டும் திறக்கும் தனி அறையில், அடியில் குறைந்தது 19 மி.மீ வடிகுழாய் நீர்மட்டத்துக்கு மேலே கடலுக்குத் திறக்கும்படி. சமையல் காஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் படகின் அடிப்பள்ளமான பில்ஜில் தேங்கும். உணரியைக் கூரையில் மாட்டியிருந்தால் கழற்றித் தரைக்கு அருகில் மாட்டுங்கள். சிலிண்டர் அருகே மின்வால்வு, சுவிட்ச் அடுப்படியில். மலேசிய, தாய்லாந்துச் சிலிண்டர் வாய்கள் வேறுவேறாக இருப்பதால் இரண்டுக்கும் ரெகுலேட்டர் எடுத்துவையுங்கள்.

அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் ஏற்றாதீர்கள். கரப்பான் முட்டை அதன் மடிப்பில்தான் வரும்.

டாய்லெட்டுக்கு வருவோம். படிக்குப் பக்கத்தில் இருப்பது 36 அடியின் பெரிய பலம். நனைந்த துணியோடு ஹாலைக் கடக்க வேண்டாம், ஆட்டமும் குறைவு. தாயானாவில் முன்னால் இருப்பதால் மாமியாருக்கு ஓட்டத்தில் மிகவும் சிரமம். இரண்டு பக்கமும் கைப்பிடி போடுங்கள்.

பிரிக்கும் வகை உலர் டாய்லெட் பற்றி இணையத்தில் நிறையப் புகழ்வார்கள். தென்னை நார்த்தூள் போட்டு, மூத்திரம் தனிக் கேனில். நல்ல அமைப்புதான், ஆனால் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வீட்டுக்கு ஒத்துவராது. அந்தத் தண்ணீர் நார்த்தூளில் இறங்கிச் சேறாகிவிடும். நமக்குப் பம்ப் டாய்லெட்டும் பெரிய கழிவுத் தொட்டியும்தான். ஒரு தடவைக்குப் பம்ப் நீர் 3 லிட்டர் என்றால் நாலு பேர், ஆளுக்கு ஐந்து தடவை, ஒரு நாளைக்கு 60 லிட்டர். 60 லிட்டர் தொட்டி ஒரே நாளில் நிறையும். தொட்டி அளவை இந்தக் கணக்கோடு பாருங்கள்.

நாற்றத்துக்கு மூன்று காரணம். ஒன்று, பம்புக்கு வரும் குழாயில் தேங்கிய கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகிய முட்டை வாடை. கைகழுவும் தொட்டியின் வடிகுழாயை டி இணைப்பில் பம்புக்குச் சேர்த்துவிட்டால், கடல் வால்வை மூடிக்கொண்டு நல்ல நீரால் கடைசித் தடவை அடித்துவிடலாம். இரண்டு, குழாயே ஊறிப்போயிருப்பது. சுடுநீரில் நனைத்த துணியைக் குழாயைச் சுற்றி வைத்து, ஆறிய பிறகு மோந்து பாருங்கள். வாடை துணிக்கு வந்தால் குழாயை மாற்ற வேண்டும். மூன்று, தொட்டியின் காற்றுக்குழாய் ஒடுங்கி இருப்பது. 19 மி.மீ-க்குப் பதில் 38 மி.மீ இரண்டு போட்டால் உள்ளே காற்று ஓடி வாடை குறையும்.

இது பாதுகாப்பு விஷயம்: நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் டாய்லெட்டில் உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய் இரண்டும் நீர்மட்டத்துக்கு மேலே, படகு சாய்ந்தாலும் மேலேயே இருக்கும் உயரத்தில் வளைந்து, உச்சியில் காற்று வால்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடல் தானாகவே உள்ளே உறிஞ்சி வந்து கட்டிய இடத்திலேயே படகு மூழ்கும். அந்தக் காற்று வால்வை உப்பு அடைக்கும். வருடம் ஒருமுறை கழற்றிச் சுடுநீரில் கழுவுங்கள்.

---

பினாங்குப்படகு:

அக்கா, அண்ணன்மார்களே, மிக்க நன்றி. மனைவியும் சேர்ந்து படித்தார். தாளிப்பு ஹேட்ச் விஷயம் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அடுத்து ஃபிரிட்ஜும் மின்சாரமும். 36 அடியில் 200 ஆம்பியர்-அவர் பழைய ஈய பேட்டரி, 100 வாட் சோலார். தாயானாவில் சோலார் இல்லை. ஏசி மரினாவில் மட்டும் போதுமா? தண்ணீர்த் தொட்டி இரண்டிலும் 350 லிட்டர் அளவில்.

---

மின்கலம்12வோ:

ஃபிரிட்ஜ்தான் உங்கள் மின் கணக்கின் தலை. வெளியே 32 டிகிரி, உள்ளே 5 டிகிரி, 27 டிகிரி வித்தியாசம் இரவு பகலாக. 100 லிட்டர்ப் பெட்டிக்குச் சுற்றிலும் 100 மி.மீ நல்ல ஃபோம் இருந்தால் ஒரு நாளைக்கு 40 ஆம்பியர்-அவருக்குள் அடங்கும். 50 மி.மீ இருந்தால் 60 அளவுக்குப் போகும். ஃபோம் ஈரம் ஊறியிருந்தால் கணக்கே இல்லை, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். 80-களின் படகில் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். மேலே திறக்கும் பெட்டியே நல்லது, முன்கதவு திறந்தால் குளிர்காற்று கீழே கொட்டிவிடும். பெட்டியின் அடியில் வடிதுளை நேரே பில்ஜுக்குப் போனால் அது வழியாகவும் குளிர் வடியும். வளைத்த குழாய் போட்டுத் தண்ணீர் நிற்க வையுங்கள், அல்லது அடைத்துவிடுங்கள். கம்ப்ரஸர் என்ஜின் அறையில் இருந்தால் வெளியே எடுங்கள். சோபாவுக்கு அடியில் வைத்து, குளிர்ந்த காற்று பில்ஜ் பக்கமிருந்து உள்ளே வரவும் சூடு மேலே வெளியேறவும் இரண்டு திறப்பு விடுங்கள்.

மற்றவை: மின்விசிறி நாலு, ஒவ்வொன்றும் 0.35 ஆம்பியர், பத்து மணி நேரம், 14 ஆம்பியர்-அவர். எல்இடி விளக்கு 5. தண்ணீர்ப் பம்ப் 3. இரண்டு லேப்டாப், போன்கள் 25 முதல் 30. ஃபிரிட்ஜ் 50 என்று வைத்தால் மொத்தம் 100 சொச்சம். 400 வாட் சோலார் நம் பக்கத்து வெயிலில் சராசரியாக 1.6 யூனிட் தரும், அதாவது 12 வோல்ட்டில் சுமார் 125. வெயில் மாதங்களில் சரியாக ஒத்துப்போகும். பாய்த் தண்டின் நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலே அதன் உற்பத்தி பாதாளத்துக்குப் போகும். ஒவ்வொரு பேனலுக்கும் தனிக் கன்ட்ரோலர் போட்டால் மற்றது தப்பிக்கும். 100 வாட் பேனல் எந்தப் படகுக்கும் போதாது, பின்பக்க வளைவுக் கம்பி ஒன்று எப்படியும் கட்ட வேண்டிவரும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 280 அல்லது 300 ஆம்பியர்-அவர் போட்டால் மேகமூட்டமான இரண்டு நாள் தாங்கும். அதை நேரே என்ஜின் ஆல்டர்னேட்டரில் இணைக்காதீர்கள். லித்தியம் கேட்கிற அத்தனை கரண்டையும் கொடுக்கப்போய் ஆல்டர்னேட்டர் கருகும். என்ஜின் ஸ்டார்ட் பேட்டரியை ஈயமாகவே விட்டு, நடுவில் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். மிக்ஸிக்கு 750 வாட் என்றாலும் கிளம்பும்போது அதிகம் இழுக்கும், 2000 வாட் இன்வர்ட்டர் எடுங்கள். பேட்டரி முனையிலேயே ஃபியூஸ்.

தாயானாவில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் காலத்தில் பல தாயானாக்கள் அமெரிக்கச் சந்தைக்குப் போனவை, 110 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் வயரிங். லங்காவியில் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ். சார்ஜர் இரண்டையும் ஏற்கும் வகையா என்று அதன் தகட்டில் படியுங்கள். பழைய ஏசி, நீர்ப் பம்ப் மோட்டார்கள் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் 50 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓடிச் சூடாகும். எந்தப் படகானாலும் கரை மின்சாரம் செருகும் இடத்தில் கால்வானிக் ஐசொலேட்டர் வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து, அரிப்பைத் தாங்க உங்கள் படகின் அடியில் மாட்டிய ஜிங்க் கட்டி வேகமாகக் கரையும்.

ஏசி மரினாவில் மட்டும் என்பது சரியான முடிவு. வேலை பார்க்கும் அறைக்கு அது ஈரத்தையும் எடுக்கும். அதிலிருந்து சொட்டும் தண்ணீரை பில்ஜில் விடாதீர்கள், குளியல் நீர்த் தொட்டிக்குச் சேருங்கள். கடல்நீர் வடிகட்டியை வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும், பாசியும் ஜெல்லிமீனும் அடைக்கும்.

தண்ணீர் 350 லிட்டர், கவனமாகச் செலவழித்தால் ஆளுக்கு நாளைக்கு 10 முதல் 12 லிட்டர், நாலு பேருக்கு ஒரு வாரம். பாத்திரத்தின் முதல் கழுவலுக்குக் கடல்நீர்க் கால்பம்ப் வையுங்கள். கூடாரத்துணியில் ஒரு வடிகுழாய் தைத்தால் 10 சதுர மீட்டரில் 10 மி.மீ மழைக்கு 100 லிட்டர் கிடைக்கும், முதல் ஐந்து நிமிடத் தண்ணீரை விட்டுவிடுங்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி உங்கள் பாதைக்கு அவசியமில்லை. அதன் வடிகட்டும் சவ்வை வாரம் ஒருமுறை நல்ல நீரால் அலசாவிட்டால் கெடும், மரினா மாதங்களில் அது வெறும் சுமை.

---

சுக்கான்:

எல்லாம் பார்த்தபின் என் முடிவு: இந்தக் குடும்பத்துக்கும் இந்தப் பாதைக்கும் 36 அடி. ஒரு பின்கேபின் மகளுக்கு, மற்றது பொருட்கள் வைக்க, மாமியார் வரும்போது காலிசெய்துகொள்ளலாம். நீங்கள் இருவரும் முன்கேபின். அடுப்புக் கம்பி, மேல் ஹேட்ச், கைப்பிடி, என்ஜின் தடுப்பு என்று அதன் குறைகள் எல்லாம் மரவேலையோடு தீரும். தாயானாவின் செங்குத்துப் படியும் முன்பக்க டாய்லெட்டும் இடிக்காமல் மாறாது. 36 அடியில் தீராதது ஒன்றே: தட்டையான பின்பக்கத்து அடியில் நங்கூரத்தில் சிற்றலை மோதும் சத்தம். தூக்கம் லேசானவர் பின்கேபினில் படுக்கக்கூடாது. 36 அடி என்ற என் முடிவைக் கச்சான் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும். காற்றோட்டத்தில் தாயானாவே மேல், அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் படகில் ஓர் இரவு தங்க விற்பவரிடம் கேளுங்கள். மாலையில் என்ஜினை ஒரு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, இரவு பத்து மணிக்குப் பின்கேபின் தடுப்பில் உள்ளங்கை வைத்துப் பாருங்கள். எல்லாக் கைப்பிடியிலும் முழு எடையைப் போட்டுத் தொங்குங்கள். டெக்கில் அரை மணி நேரம் குழாய்த் தண்ணீர் அடித்து, அலமாரிகளைக் காலிசெய்து டார்ச்சோடு பாருங்கள். ஹேட்சுகளை அரை மணி நேரம் மூடி, மழை என்று எண்ணி உள்ளே இருங்கள். ஃபிரிட்ஜை 5 டிகிரியில் வைத்து, திறக்காமல், ஒரு மணி நேரத்தில் கம்ப்ரஸர் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறியுங்கள். இரவிலும் 35 நிமிடத்துக்கு மேல் ஓடினால் ஃபோம் போய்விட்டது. எந்தக் குழாயும் திறக்காதபோது நடுராத்திரியில் தண்ணீர்ப் பம்ப் இரண்டு விநாடி உறுமி நின்றால் எங்கோ நல்ல நீர் கசிகிறது. சிங்குக்கு அடியிலும் ஹீட்டருக்குப் பின்னாலும் முதலில் தேடுங்கள்.